கப்பலில் ஏறி வந்தவை: கொலம்பியப் பரிமாற்றம் என்றால் என்ன?

எங்கள் மொரிசியஸ் பாஸ்போர்ட்டின் அட்டையில் அரசு முத்திரை அச்சாகியிருக்கும். கையில் இருந்தால் எடுத்து உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு கேடயம். அதன் ஒரு கட்டத்தில் பாய்மரக் கப்பல்; மற்ற கட்டங்களில் மூன்று மரங்கள், ஒரு சாவி, ஒரு நட்சத்திரம். கேடயத்தின் ஒரு பக்கம் டோடோ பறவை நிற்கிறது, மறுபக்கம் ஒரு மான். இரண்டின் பக்கத்திலும் ஆளுக்கொரு கரும்பு.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பையன் இதைக் காட்டி, "மிஸ், இதில் எது நம்ம ஊருது?" என்று கேட்டான்.

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே உறைத்தது. டோடோ இந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்த பறவை. அது அழிந்து முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மான் ஜாவாவிலிருந்து வந்தது. கரும்பும் ஜாவாவிலிருந்துதான் வந்தது. இரண்டையும் 1639-ல் கொண்டுவந்து இறக்கியவர் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் என்ற டச்சு ஆளுநர். ஊருக்குச் சொந்தமான உயிர் போய்விட்டது; வந்த உயிர்கள் நிற்கின்றன; நடுவில் கப்பல். பையன் கொஞ்ச நேரம் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நாம?" என்றான்.

நாமும் கப்பலில் வந்தவர்கள்தான். ஏன் வந்தோம், எந்தப் பொருளின் பின்னால் வந்தோம் என்பதை அன்று அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸின் கப்பல்கள் பஹாமாஸ் தீவுகளில் ஒன்றில் கரை தொட்டன. அதன் பிறகு, அமெரிக்கக் கண்டங்கள் ஒரு பக்கமும் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா மறுபக்கமுமாகப் பயிர்கள், விலங்குகள், நோய்கள், மனிதர்கள், சொற்கள் எல்லாம் இடம் மாறத் தொடங்கின. இந்த இடமாற்றத்துக்கு ஆல்ஃபிரட் கிராஸ்பி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1972-ல் வைத்த பெயர்தான் 'கொலம்பியப் பரிமாற்றம்'. அதுவரை பெரும்பாலும் அரசர்களையும் போர்களையும் வைத்தே அந்தக் காலத்தை எழுதிவந்தார்கள். கிராஸ்பி அம்மையையும் குதிரையையும் மரவள்ளிக் கிழங்கையும் வரலாற்றின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார். உலகத்தை மாற்றியதில் வாளைவிட இவற்றுக்குப் பங்கு அதிகம் என்பது அவர் வாதம். எங்கள் தீவைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கடல் கடந்த தொடர்பே 1492-ல்தான் பிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பருவக்காற்றைப் பிடித்து அரபு நாட்டுக்கும் கடாரத்துக்கும் போய்வந்தவர்கள் நம் முன்னோர். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து இந்தப் பெருங்கடலைக் கடந்து வந்து குடியேறியவர்களின் மொழியைத்தான் பக்கத்தில் மடகாஸ்கரில் இன்றும் பேசுகிறார்கள். கி.பி. 1000 வாக்கில் வைக்கிங்குகள் கனடாவின் நியூபவுண்ட்லாந்து வரை போய்த் திரும்பினார்கள். ஆனால் இந்தியப் பெருங்கடல் தொடர்பு பல நூற்றாண்டுகளாக ஊறி ஊறி நடந்த ஒன்று. இந்தக் கரையில் இருந்த மாடும் காய்ச்சலும் அந்தக் கரையிலும் ஏறக்குறைய இருந்தன. அமெரிக்கா அப்படியல்ல. அங்கே குடியேறிய மக்கள் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மற்ற உலகத்தோடு ஏறக்குறைய ஒட்டும் உறவும் இல்லாமல் தங்கள் பயிர்களை, தங்கள் ஊர்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவு ஒரு தலைமுறைக்குள் முழுதாகத் திறந்துவிட்டது.

சரி, மொரிசியஸ் அட்லாண்டிக்கில் இல்லையே, இதில் எங்கே வருகிறது? கொலம்பஸுக்கு ஆறு ஆண்டு கழித்து, 1498-ல் வாஸ்கோ டா காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். பிரேசிலில் ஏற்றிய செடி கோவாவில் இறங்கவும், ஜாவாவில் வெட்டிய கரும்புக் கரணை எங்கள் தீவில் முளைக்கவும் அதன் பிறகு தடையில்லை. எங்கள் தீவுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. 1598-ல் டச்சுக்காரர்கள் இறங்கித் தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரை வைத்தபோது இங்கே மனிதக் குடியிருப்பே இல்லை. அரபு மாலுமிகளுக்கும் போர்ச்சுகீசியருக்கும் தெரிந்த தீவுதான், ஆனால் யாரும் தங்கவில்லை. அதனால் எது எப்போது வந்தது, வந்ததும் எது போனது என்பதை இங்கே பெரும்பாலும் ஆண்டு போட்டே சொல்லிவிடலாம்.

இலையில் பரிமாறிய கண்டங்கள்

தைப்பூசக் காவடி முடிந்த மதியம் கோயில் பந்தியில் உட்கார்ந்தால் 'செத் காரி' போடுவார்கள். ஏழு கறி. வாழையிலையில் சோறு, சுற்றிலும் காய்கறிகள், ரசோன் என்று நாங்கள் சொல்லும் ரசம், அப்பளம், கடைசியில் பாயசம். கத்திரிக்காய், பலா, வாழைக்காய், பருப்பு எல்லாம் நமக்குப் பழைய சொந்தங்கள். அதே இலையில் இருக்கும் பறங்கிக்காய், சூசூ, உருளைக்கிழங்கு, பீன்ஸ், தக்காளி, மிளகாய் ஆறும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492-க்கு முன்னால் உலகத்தில் எந்தத் தமிழ் வீட்டிலும் இவற்றில் ஒன்றுகூடச் சமைத்திருக்க முடியாது.

பறங்கிக்காயை எடுத்துக்கொள்வோம். பறங்கி என்றால் போர்ச்சுகீசியர். கொண்டுவந்தவன் பெயரையே காய்க்கு வைத்துவிட்டது தமிழ். பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதற்கு சிரோமோன் என்று பெயர். பிரேசில் கரையில் வாழ்ந்த துப்பி மக்களின் சொல் பிரெஞ்சு வழியாக எங்கள் சமையற்கட்டுக்கு வந்திருக்கிறது. அன்னாசிக்கும் அவர்களே தாய்வீடு: துப்பியில் நனாஸ், தமிழில் அன்னாசி, கிரியோலில் சனானா. தமிழ்நாட்டில் சௌசௌ என்று விற்கும் காயை நாங்கள் சூசூ என்கிறோம். அது மெக்சிகோப் பக்கத்துக் கொடி. சிறுவயதில் நான் அதை வெள்ளைக்காரர் காய் என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளைக்காரருக்கே அது வந்த பொருள்.

மிளகாயின் கதை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். கொலம்பஸ் தேடிப் போனவற்றில் மிளகும் ஒன்று. கரீபியத் தீவுகளில் காரமாக ஒரு காயைச் சாப்பிடப் பார்த்து, இதுவும் ஒருவகை மிளகுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானிய மொழியில் மிளகு பிமியென்ட்டா, மிளகாய் பிமியென்ட்டோ. தமிழில் மிளகு, மிளகாய். இரண்டு மொழியும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன. நம் சங்கப் பாடல்களில் காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான், அதற்கு அப்போது கறி என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பல்கள் மிளகாயை இந்தியக் கரையில் இறக்கின. மிளகு ஏறிப் படரக் கொழுகொம்பும் ஈரமான மலைச்சரிவும் வேண்டும். விளைந்து வர ஆண்டுகள் ஆகும். மிளகாயை எந்தக் குடிசையின் பின்புறத்திலும் போட்டுச் சில மாதத்தில் பறிக்கலாம். காசில்லாதவன் சோற்றுக்கும் காரம் கிடைத்தது. அது பரவிய வேகத்துக்கு அதுவே போதுமான காரணம். இன்று மிளகாய் இல்லாமல் எங்கள் காத்தோ பிமான் உண்டா? ஆமவடைக்கு இங்கே அதுதான் பெயர்: மிளகாய்ப் பலகாரம்.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். வடாற்காடு, தென்னாற்காட்டுப் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து அப்படி ஆனது. வேர்க்கடலையின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. அதற்கு ஏன் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயர்? 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் நடுவே பசிபிக்கைக் கடந்து போய்வந்தன. போகும்போது அமெரிக்க வெள்ளி, வரும்போது சீனப் பட்டு. 1545-ல் பொலிவியாவின் பொத்தோசி மலையில் கண்டுபிடித்த வெள்ளியில் பெரும்பங்கு கடைசியில் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தடத்தில்தான் அமெரிக்கப் பயிர்களும் ஆசியாவுக்கு வந்தன. விழுப்புரத்தில் ஒரு விவசாயி மல்லாட்டை என்று சொல்லும்போது அந்தக் கப்பல் தடம் முழுதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

ஐரோப்பாவுக்கு உருளைக்கிழங்கு, ஆப்பிரிக்காவுக்கு மக்காச்சோளமும் மரவள்ளியும், சீனாவின் மேட்டு நிலங்களுக்குச் சர்க்கரைவள்ளி என்று அமெரிக்கப் பயிர்கள் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டன. ஒன்றையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குக்கு நோய் வந்தபோது, தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அந்த நோயும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததுதான்.

பரிமாற்றம் என்ற சொல்லில் ஒரு சிக்கல்

இவ்வளவு நேரம் சாப்பாட்டையே பேசிவிட்டேன். பரிமாற்றம் என்றதும் சந்தையில் ஒரு கை கொடுத்து ஒரு கை வாங்குவது போலத் தோன்றும். நடந்தது அப்படியல்ல. அந்தச் சொல்லை நான் வகுப்பில் பயன்படுத்தும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்காவுக்குப் போனவற்றில் குதிரை, மாடு, கோதுமை, வாழை, கரும்பு எல்லாம் உண்டு. கூடவே பெரியம்மை, தட்டம்மை, சளிக்காய்ச்சல், பின்னால் மலேரியா. பெரியம்மை நமக்கு எவ்வளவு பழக்கப்பட்ட எதிரி என்பதற்கு மாரியம்மன் கோயில்களே சாட்சி. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வராது. அதனால் நம் ஊரில் அம்மை போட்டால், முன்பே தப்பிய பெரியவர்கள் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊற்றுவார்கள், வேப்பிலை வீசுவார்கள். 1518-ன் முடிவில் கரீபியத் தீவான ஹிஸ்பானியோலாவிலும் 1520-ல் மெக்சிகோவிலும் அதே நோய் நுழைந்தபோது வீட்டில் எல்லோரும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். தாய்க்கும் அம்மை, பிள்ளைக்கும் அம்மை. தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் இல்லை. விதைக்க ஆள் இல்லை, விளைந்ததை அறுக்க ஆள் இல்லை. நோய் விட்டவர்களைப் பசி கொண்டுபோனது. அதற்கு மேல் சுரங்கத்திலும் பண்ணையிலும் கட்டாய வேலை, போர், ஊர்விட்டு ஊர் விரட்டல். அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் பல பகுதிகளில் பத்தில் ஒன்பது பேர் இல்லாமல் போனார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

நோய் ஏன் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் போனது என்று மாணவர்கள் கேட்பார்கள். பழைய உலகில், அதாவது ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்காவில், மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மாடு, பன்றி, ஆடு, கோழியோடு ஒரே முற்றத்தில் வாழ்ந்தவர்கள். நம்மைத் தாக்கும் தொற்றுநோய்களில் பலவற்றின் வேர் விலங்குகளிடம் இருக்கிறது. அமெரிக்காவில் பழக்கி வளர்த்த விலங்குகள் மிகக் குறைவு: லாமா, வான்கோழி, இன்னும் சில. அவர்கள் உடலுக்கு அந்தக் கிருமிகளோடு முன் அறிமுகமே இல்லை.

கொலம்பஸை முதலில் எதிர்கொண்டவர்கள் தைனோ மொழி பேசிய தீவு மக்கள். ஒரு நூற்றாண்டுக்குள் அந்தச் சமூகம் சிதறிப்போனது. ஆனால் கிரியோலில் மக்காச்சோளத்துக்குச் சொல்லும் மாயி, சர்க்கரைவள்ளிக்குச் சொல்லும் பாத்தாத் இரண்டும் தைனோ சொற்களிலிருந்து வந்தவை. எங்கள் தலைநகர் போர்ட் லூயிஸ் சந்தையில் கிழங்கு விற்கும் அம்மா தினமும் அந்தச் சொல்லைக் கூவிக் கூவி விற்கிறார். அந்த மொழியை முதலில் பேசியவர்களின் தொண்டை அடங்கி நானூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் எனக்கு மனது கனக்கும்.

உழைக்க ஆள் இல்லாத இடத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். அவர்களில் பெரும்பாலோரை எதற்காக ஏற்றினார்கள் தெரியுமா? கரும்புக்காக.

கரும்பு போன வழி, நாம் வந்த வழி

பொங்கலுக்கு வாசலில் கட்டுகிறோம், நம் பயிர் என்றே நினைக்கிறோம். ஆனால் கரும்பு ஊர் ஊராக வந்த பயிர் என்பதைத் தமிழ் மறக்கவில்லை. அதியமானின் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் நியூகினித் தீவு மக்கள் பயிரிட்டுப் பழக்கிய புல் அது. அதன் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. அரபு வணிகர்கள் மத்தியதரைக் கடல் வரை கொண்டுபோனார்கள். 1493-ல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் கானரித் தீவுகளிலிருந்து கரணைகளை ஏற்றிக்கொண்டு கரீபியத்தில் நட்டார்.

கரும்பை வெட்டினால் உடனே ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் சாறு கெட்டுவிடும். அதனால் வயலும் ஆலையும் ஒரே இடத்தில் இருக்கும். அறுவடைக் காலத்தில் இரவும் பகலும் கொப்பரை எரியும். நிறைய ஆள் வேண்டும், நிற்காமல் வேலை வாங்க வேண்டும். கரும்புப் பண்ணை அடிமை முறையோடு ஒட்டிப் பிறந்ததற்கு இந்தப் பயிரின் இயல்பும் ஒரு காரணம். ஐரோப்பாவில் தேநீரிலும் காப்பியிலும் போட்ட ஒவ்வொரு கரண்டிச் சர்க்கரைக்குப் பின்னாலும் அது இருந்தது.

எங்கள் தீவில் டச்சுக்காரர்கள் நட்ட கரும்பு பெரும்பாலும் சாராயத்துக்குத்தான் போனது. அவர்கள் 1710-ல் தீவைக் கைவிட்டுப் போனார்கள். 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1735-ல் ஆளுநராக வந்த மாயே தெ லா பூர்தோனே சர்க்கரை ஆலை வைத்தார், போர்ட் லூயிஸைத் துறைமுகமாகக் கட்டினார். கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். இந்த மண்ணில் தமிழ்ப் பேச்சு கேட்கத் தொடங்கியது அந்தக் காலத்தில். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். இந்தியாவிலிருந்து அடிமைகளாக வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் போட மலிவான உணவு வேண்டும் என்று லா பூர்தோனே பிரேசிலின் மரவள்ளியை இங்கே பரப்பினார். சூறாவளி வந்தால் மேலே உள்ள பயிர் எல்லாம் போய்விடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு தப்பும். மாயெபூரில் 1870 முதல் மரவள்ளி பிஸ்கட் சுட்டுவரும் ஒரு குடும்பம் உண்டு. சுற்றுலாப் பயணிகள் தேநீரோடு ரசித்துச் சாப்பிடுகிறார்கள். நல்ல பிஸ்கட், எனக்கும் பிடிக்கும். அந்தக் கிழங்கு யாருக்காக இங்கே வந்தது என்பதையும் அந்த மேசையில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

1810-ல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1825-ல் மொரிசியஸ் சர்க்கரைக்கும் கரீபியச் சர்க்கரைக்கும் பிரிட்டனில் ஒரே வரி என்றார்கள். அவ்வளவுதான், தீவு முழுதும் கரும்பு ஏறிவிட்டது. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. இழப்பீட்டுப் பணம் பண்ணை முதலாளிகளுக்குக் கிடைத்தது, அடிமைப்பட்டவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. விடுதலையானவர்கள் அந்த வயலுக்குத் திரும்ப விரும்பவில்லை. ஆள் வேண்டுமே? அதற்கான ஏற்பாடு முன்பே தொடங்கியிருந்தது. 1834 நவம்பர் 2 அன்றே அட்லஸ் என்ற கப்பலில் 36 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினார்கள். அடுத்து கல்கத்தா, சென்னை, பம்பாய் என்று மூன்று துறைமுகங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1920 வரை சுமார் ஐந்து லட்சம் பேர்.

ஐந்து ஆண்டு ஒப்பந்தம். ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்துக்கொள்வார்கள். 'டபுள் கட்' என்று அதற்குப் பெயர். போர்ட் லூயிஸில் அவர்கள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் துறையின் பதினாறு படிகளில் நான் மாணவர்களோடு ஏறியிருக்கிறேன். சின்னப் படிகள்தான். மேலே போனதும் எண் கொடுத்துப் பதிவு செய்வார்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன: பெயர், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு, பிற்காலத்தவருக்குப் புகைப்படம். வகுப்பில் அந்தப் பையனுக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான். நியூகினிக் காட்டுப் புல் ஒன்று உலகைச் சுற்றி வந்தது. அதை வெட்ட ஆள் தேவைப்பட்டது. அதனால் உன் பாட்டனின் பாட்டன் இந்தப் படியில் ஏறினார்.

கரும்பு வயல் நடுவே கருங்கற்களைக் கோபுரம் போல அடுக்கியிருப்பதை இங்கே எங்கும் பார்க்கலாம். எரிமலைத் தீவு என்பதால் மண்ணெல்லாம் கல். கரும்பு நட வேண்டுமானால் ஒவ்வொரு கல்லையும் கையால் பொறுக்கி ஒதுக்க வேண்டும். எங்களவர்களுக்கு இந்தத் தீவில் வேறு நினைவுச்சின்னம் தேவையில்லை என்று என் தாத்தா சொல்வார்.

கூப்பிடாமல் வந்தவை

டோடோவை டச்சுக்காரர்கள் தின்றே தீர்த்தார்கள் என்று பலரும் சொல்வார்கள். கொஞ்சம் தின்றார்கள், உண்மை. ஆனால் பெரும் கேடு கப்பலோடு வந்த எலி, பன்றி, குரங்கு இவற்றால்தான். டோடோ புறா இனம். பறக்காது, தரையில் கூடு கட்டும், ஒரே ஒரு முட்டை இடும் என்று அக்காலப் பயணி ஒருவர் எழுதியிருக்கிறார். பாலூட்டி எதிரியே இல்லாத தீவில் பல லட்சம் ஆண்டு வாழ்ந்த பறவைக்கு முட்டையை ஒளித்துவைக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எலிக்கோ தரையில் கிடக்கும் முட்டை விருந்து. 1598-ல் டச்சுக்காரர்கள் இறங்கினார்கள். டோடோவை உயிரோடு பார்த்ததாகப் பலரும் ஏற்கும் கடைசிக் குறிப்பு 1662-ஐச் சேர்ந்தது. 64 ஆண்டு. ஒரு மனித ஆயுள்கூட இல்லை. போர்ட் லூயிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூடு நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

ராட்சத ஆமைகளும் போயின. அவை பல வாரம் தீனி இல்லாமல் உயிரோடு இருக்கும் என்பதால் கப்பலில் புது இறைச்சியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றினார்கள். 1767-ல் நிர்வாகியாக வந்த பியேர் புவாவ்ர் என்பவர் இதைக் கண்டு கவலைப்பட்டார். காடு போனால் மழை குறையும் என்று நம்பி, ஒவ்வொருவர் நிலத்திலும் கால் பங்கைக் காடாக விட வேண்டும் என்று 1769-ல் விதி வந்தது. உலகத்தில் இப்படிப்பட்ட முதல் விதிகளில் ஒன்று. அதே மனிதர்தான் டச்சுக்காரர்கள் பூட்டிவைத்திருந்த, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மொலுக்கத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கடத்திவரச் செய்து பாம்ப்லமூஸ் தோட்டத்தில் வளர்த்தவர். புவாவ்ர் என்றால் பிரெஞ்சில் மிளகு என்று பொருள்.

வெட்டுக்கிளியை ஒழிக்க என்று 1762-ல் இந்தியாவிலிருந்து நம் மைனாவைக் கொண்டுவந்தார்கள். இன்று எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் காலையில் முதலில் கேட்பது அதன் குரல்தான்.

எல்லாமே எண்ணியபடி முளைத்துவிடவில்லை. பக்கத்துத் தீவான ரெயூனியோனுக்கு மெக்சிகோவின் வெனிலாக் கொடியைக் கொண்டுவந்தார்கள். கொடி படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. செடி வந்தது, அதற்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சி வரவில்லை. 1841-ல் எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு சின்னக் குச்சியால் பூவின் நடுச்சவ்வை விலக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகமெங்கும் வெனிலாப் பூவுக்கு அந்த முறைதான். 1848-ல் விடுதலையானபோது அவனுக்கு அல்பியுஸ் என்று குடும்பப் பெயர் கொடுத்தார்கள். 1880-ல் ஏழையாகவே செத்தார். இந்த ஒரு கதையில் கொலம்பியப் பரிமாற்றத்தின் எல்லா உறுப்பும் இருக்கிறது என்று நினைக்கிறேன்: செடி, இல்லாத பூச்சி, அடிமை, லாபம்.

நோயும் எங்களை விடவில்லை. முன்பெல்லாம் மலேரியா இந்தத் தீவில் இருந்ததே இல்லை. அதைப் பரப்பும் கொசுவும் கப்பலில் வந்தது, கிருமியும் கப்பலில் வந்தது. 1866-ல் தொடங்கிய கொள்ளைநோய் இரண்டு ஆண்டுக்குள் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனது. வசதியுள்ளவர்கள் போர்ட் லூயிஸை விட்டு மேட்டு நிலத்துக்கு ஏறினார்கள். கியூர்பிப் ஊர் பெருத்தது அதனால்தான். அதற்கு இருந்த ஒரே மருந்து கொய்னா. அது தென் அமெரிக்க ஆண்டிஸ் மலை மரப்பட்டையின் சாறு. நோய் ஒரு கண்டத்திலிருந்து, மருந்து இன்னொரு கண்டத்திலிருந்து.

இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பூர்வீகக் காடு தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பருவம் வந்தால் நாங்கள் குடும்பத்தோடு பிளேன் ஷம்பாஞ் மேட்டுக்குப் போய் கோயாவ் தெசீன் பறிப்போம். சிவப்பாக, சிறிதாக, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றால் அவ்வளவு ருசி. பெயருக்குச் 'சீனக் கொய்யா', பிறப்பிடம் பிரேசில். அந்தப் புதர் முளைத்த இடத்தில் வேறு எதுவும் முளைக்காது. பூங்கா ஊழியர்கள் ஆண்டு முழுதும் குனிந்து அதைத்தான் பிடுங்குகிறார்கள். என் பிள்ளைகள் வாயெல்லாம் சிவந்து தின்றுகொண்டிருக்க, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் அதே செடியை வேரோடு இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இரண்டையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

போன விடுமுறையில் மாணவர்களை மாயெபூருக்கு எதிரே இருக்கும் இல் ஓ எக்ரெத் என்ற குட்டித் தீவுக்கு அழைத்துப் போனேன். அங்கே எலிகளை ஒழித்து, அயல் செடிகளைக் களைந்து, பழைய காட்டை மறுபடி வளர்க்கிறார்கள். எங்கள் ஆமை அழிந்துவிட்டதால் அதன் வேலையைச் செய்ய 2000-ல் செஷல்ஸ் நாட்டைச் சேர்ந்த அல்தாப்ரா ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஆமைக்கு என்ன வேலை என்கிறீர்களா? இந்தத் தீவுக்கே உரிய கருங்காலி மரத்தின் பழத்தை அது விழுங்கி, நடந்து, வேறிடத்தில் போடுகிறது. ஆமை வயிற்றில் போய்வந்த விதை நன்றாக முளைக்கிறது.

வழிகாட்டி எங்களை ஒரு பாதையோரம் நிறுத்தி, காய்ந்த ஆமைச் சாணத்தைக் குச்சியால் விலக்கிக் காட்டினார். உள்ளே பழுப்பு நிற விதைகள். பக்கத்திலேயே இரண்டு இலை விட்ட ஒரு நாற்று. வகுப்பில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்ட அதே பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த இலையைத் தொட்டுப் பார்த்தான்.

"இது எங்கேயிருந்து வந்தது, மிஸ்?"

"இங்கேயிருந்துதான்" என்றேன்.